வயிறு என்னும் வயல்

குளத்திலும் ஏரியிலும் வலைபோடும் எவருக்கும் ஜிலேபி மீனைத் தெரியும். 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன், இதுவே நம் மண்ணின் மீன் என்று பலரும் எண்ணும் அளவுக்கு இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகியிருக்கிறது. இது சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. முதுகெலும்புள்ள உயிர்களில் இந்தக் குடும்பத்தைப் போல விரைவாகப் புதுப்புது இனங்களாகக் கிளைத்த குடும்பங்கள் மிகச் சிலவே. கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனீகா ஏரியில் மட்டும் ஏறத்தாழ 240 சிக்லிட் இனங்கள் வாழ்கின்றன. மலாவி, விக்டோரியா ஏரிகளில் ஒவ்வொன்றிலும் பல நூறு இனங்கள் உள்ளன. இவற்றுள் விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டுபோய் மீண்டும் நிரம்பியது. அங்கு புது இனங்கள் கிளைத்ததில் பெரும்பகுதி அதற்குப் பிந்தைய காலத்தில் நிகழ்ந்தது. பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பவை, மணலை வாயில் அள்ளிச் சலித்துப் புழு பொறுக்குபவை, நத்தையின் ஓட்டை நொறுக்குபவை, பிற மீன்களின் பக்கவாட்டில் பாய்ந்து செதிலைப் பிடுங்கித் தின்பவை என்று ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உணவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றின் தாடையும் பல்லும் அந்தந்த உணவுக்கு எப்படி வடிவம் மாறின என்பதைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. உணவைப் பிடிப்பது பாதி வேலைதான். அதைச் செரித்து உடம்பில் சேர்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியில் மீனோடு கூட்டாக உழைக்கும் குடல் பாக்டீரியாக்களுக்குப் பரிணாமத்தில் என்ன பங்கு என்ற கேள்வி கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில்தான் முறையாக எழுப்பப்பட்டிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேட நெருங்கிய உறவுடைய நன்னீர் மீன்களைவிடப் பொருத்தமான உயிர்கள் அரிது. மாட்டின் குடலில் உள்ள பாக்டீரியாக்களும் புலியின் குடலில் உள்ளவையும் வேறுபடுகின்றன என்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த வேறுபாட்டுக்கு உணவு காரணமா, வயிற்றின் அமைப்பு காரணமா, இரு உயிர்களும் பிரிந்து போய்விட்ட கோடிக்கணக்கான ஆண்டுகள் காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்லாமே ஒன்றாக மாறியிருக்கின்றன. ஓர் ஏரிக்குள் உடன்பிறந்தவை போல நெருங்கிய இரு மீனினங்கள் வாழும்போது நிலைமை வேறு. நீர் ஒன்று, வெப்பம் ஒன்று, மரபும் ஏறக்குறைய ஒன்று; உணவு மட்டும் வேறு. இதன் மறுதலையும் இயற்கையில் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரு ஏரிகளில் வெவ்வேறு மீன்கள் தனித்தனியாக ஒரே உணவுக்குப் பழகியிருக்கும். அங்கே உணவு ஒன்று, மற்றெல்லாம் வேறு. ஆய்வுக்கூடத்தில் யாரும் நடத்த முடியாத அளவுக்கு நீண்ட ஒரு சோதனையை ஏரிகள் பலமுறை திரும்பத் திரும்ப நடத்தி வைத்திருக்கின்றன. அந்தச் சோதனைகளின் வயதும் பலதரப்பட்டது. தங்கனீகா ஏரிக்கு வயது 90 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகள் வரை மதிப்பிடப்படுகிறது. கேமரூன் நாட்டின் எரிமலை வாய்க்குள் அமைந்த பரொம்பி ம்போ ஏரி சுமார் 10 லட்சம் ஆண்டுப் பழமையது. நிகராகுவாவின் அப்போயோ என்னும் எரிமலை ஏரிக்கு 24,000 ஆண்டுகூட ஆகவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள சிற்றேரிகள் கடைசிப் பனியுகம் முடிந்தபின், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்குள் உருவானவை.

இந்தத் துறையில் ஒரு துணிச்சலான கருத்து உண்டு. 2008இல் இஸ்ரேலிய அறிஞர்கள் இலானா சில்பர்-ரோசன்பர்க்கும் யூஜின் ரோசன்பர்க்கும் அதை விரிவாக முன்வைத்தார்கள். ஓர் உயிரையும் அதனுள் வாழும் நுண்ணுயிரிகளையும் பிரித்துப் பார்க்கக் கூடாது, இரண்டின் மரபணுத் தொகுதிகளும் சேர்ந்த முழுமையையே இயற்கைத் தேர்வு ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்களின் வாதம். இதன்படி பார்த்தால், ஒரு மீன் புது உணவுக்கு மாறும்போது அதன் பாக்டீரியாக்களும் கூடவே தேர்ந்தெடுக்கப்பட்டு அடுத்த தலைமுறைக்குச் சென்றிருக்க வேண்டும். இதற்கு நேர்எதிரான கருத்தும் உண்டு: குடல் பாக்டீரியா வெறும் வழிப்போக்கன், மீன் எதைத் தின்றதோ அதோடு வந்து, அதோடு போகிறது, பரிணாமத்தில் அதற்கு இடமே இல்லை. இதுவரை கிடைத்துள்ள சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் இரண்டு கருத்துகளும் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. மீனின் வயிற்றை ஒரு வயலாக நினைத்துப் பார்க்கலாம். விதை ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியிலிருந்து, நீரோடும் உணவோடும் வந்து விழுகிறது. பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குக் கிடைப்பது வயல் மட்டுமே: குடலின் நீளம், அதன் சளிப்படலம், செரிமான நீர், நோயெதிர்ப்புச் செல்களின் கண்டிப்பு. எந்த விதை முளைக்கும், எது கருகும் என்பதை அந்த வயல் தீர்மானிக்கிறது. பரிணாமம் நேரடியாகக் கைவைப்பது வயலின்மேல். பயிர் அதன்வழி மாறுகிறது. அந்தப் பயிரின் விளைச்சல் மீண்டும் வயலின் போக்கை மாற்றுகிறது.

முதலில் வயல் என்று ஒன்று உண்டா என்பதை உறுதிசெய்ய வேண்டும். மீன் நீருக்குள்ளேயே வாழ்கிறது, நீரை விழுங்குகிறது, பாலூட்டிகளின் குட்டியைப் போலத் தாயின் உடலிலிருந்தும் பாலிலிருந்தும் நுண்ணுயிரிகளைப் பெறும் வாய்ப்பும் பெரும்பாலான மீன்களுக்கு இல்லை. ஆகவே மீன் குடலில் இருப்பது ஏரி நீரின் நகல்தான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பு பொய்த்திருக்கிறது. ஆண்ட்ரியாஸ் ஹேரர், ஆக்செல் மெயர் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் நிகராகுவாவின் எரிமலை ஏரிகளில் வாழும் மைடாஸ் சிக்லிட் மீன்களின் குடல் பாக்டீரியாக்களையும் அதே ஏரி நீரின் பாக்டீரியாக்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் தெளிவாக வேறுபட்டிருந்தன. தெற்காசிய ஓடைகளையும் வயல் வாய்க்கால்களையும் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா மீனில் இன்னும் வலுவான சான்று கிடைத்தது. உயிரியல் ஆய்வுக்காக உலகெங்கும் தலைமுறை தலைமுறையாகத் தொட்டிகளில் வளர்க்கப்படும் மீன் அது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவில் இயற்கைச் சூழலில் பிடிக்கப்பட்ட ஜீப்ரா மீன்களையும் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தது. நீரும் உணவும் கண்டமும் வேறாக இருந்தும், இருசாராரின் குடலிலும் பொதுவான ஒரு பாக்டீரியாக் கூட்டம் இருந்தது. வெளியே கிடைப்பவை எவ்வளவு மாறினாலும், உள்ளே இடம்பிடிப்பவற்றில் ஒரு நிலைத்தன்மை இருக்கிறது என்றால், தேர்ந்தெடுக்கும் வேலை குடலுக்குள் நடக்கிறது என்று பொருள்.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வும் உண்டு. ஜான் ரால்ஸ், ஜெஃப்ரி கார்டன் ஆகியோரின் குழு 2006இல் நடத்திய அந்தச் சோதனை எளிமையானது, ஆனால் மிக ஆழமானது. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட ஜீப்ரா மீன்களுக்கு எலியின் குடல் பாக்டீரியாக்களையும், கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு மீனின் குடல் பாக்டீரியாக்களையும் கொடுத்தார்கள். விதையை மாற்றினார்கள், வயலை மாற்றவில்லை. வந்து சேர்ந்த கூட்டத்தின் உறுப்பினர்கள் ஓரளவு அப்படியே இருந்தார்கள். அவர்களின் விகிதம் மட்டும் தலைகீழாக மாறியது. எலிக் குடலில் இயல்பாக ஓங்கியிருக்கும் ஃபர்மிக்யூட்ஸ் வகை, மீனுக்குள் போனதும் ஒடுங்கிப்போய், மீன் குடலில் இயல்பாக மிகுந்திருக்கும் புரோட்டியோபாக்டீரியா வகை ஓங்கியது. எலிக்குள் சென்ற மீன் பாக்டீரியாக்களிடையே ஃபர்மிக்யூட்ஸ் பெருகியது. எலியும் மீனும் மிகத் தூரத்து உறவு. ஆகவே இந்தச் சோதனை நெருங்கிய இனங்களைப் பற்றி நேரடியாக எதையும் சொல்லிவிடாது. ஆனால் கொள்கையளவில் ஒன்றை நிறுவுகிறது: எவை வருகின்றன என்பதோடு, வந்த இடம் எத்தகையது என்பதும் கணக்கில் உண்டு. இந்தக் கொள்கை உடன்பிறப்புகள் போன்ற மீன்களுக்கும் பொருந்துமா என்பதே அடுத்த கேள்வி.

பொருந்தும் என்று காட்டுபவை ஆப்பிரிக்க ஏரிகள். பார்சலோனாவைச் சேர்ந்த லாரா பால்டோவும் பாசல் பல்கலைக்கழகத்தின் வால்டர் சால்ஸ்பர்கரும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் தங்கனீகாவையும் பரொம்பி ம்போவையும் சேர்ந்த ஏறத்தாழ 30 சிக்லிட் இனங்களின் குடல் பாக்டீரியாக்களைப் படித்தார்கள். பரொம்பி ம்போ இரண்டரை கிலோமீட்டர் குறுக்களவுகூட இல்லாத சிறிய வட்ட ஏரி. அங்கே வேறெங்கும் இல்லாத 11 சிக்லிட் இனங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று நன்னீர்ப் பஞ்சுயிரிகளைத் தின்று வாழ்கிறது. தங்கனீகாவோடு இந்த ஏரிக்கு எந்த நீர்த்தொடர்பும் கிடையாது. இரு ஏரிகளின் சிக்லிட்டுகளும் தனித்தனியாகக் கிளைத்தவை. இருந்தும், இரு ஏரிகளிலும் பாசியும் தாவரமும் தின்னும் மீன்களின் குடல் பாக்டீரியாக்கள் ஒரே திசையில் நகர்ந்திருந்தன. ஊன் தின்பவற்றிலிருந்து அவை தெளிவாக விலகி நின்றன. ஊன் உணவிலிருந்து தாவர உணவை நோக்கிச் செல்லச் செல்லப் பாக்டீரியாக்களின் வகையும் பெருகியது. இதோடு வேறோர் உண்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தங்கனீகா சிக்லிட்டுகளின் குடல் நீளத்தை அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு, உணவைக் கொண்டே குடலின் நீளத்தைக் கணிக்கலாம் என்று காட்டியது. பாசி தின்பவற்றுக்குக் குடல் மிக நீண்டு சுருண்டிருக்கிறது; மீன் தின்பவற்றுக்குக் குறுகியிருக்கிறது. நீண்ட குடலில் உணவு வெகுநேரம் தங்கும். காற்று எட்டாத உட்பகுதிகள் கூடும். மெதுவாகச் செரிக்கும் நார்ப்பொருளில் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் நிலைகொள்ள நேரம் கிடைக்கும். உணவு மாறியது, அதற்கேற்ப வயலின் நிலமும் மாறியது, அதில் விளைந்த பயிரும் மாறியது. மூன்றும் சேர்ந்துதான் அந்த ஒற்றுமையைத் தந்திருக்க வேண்டும்.

வட அமெரிக்காவின் ஸ்டிக்கில்பேக் மீன்கள் இதையே வேறொரு காலஅளவில் காட்டுகின்றன. முதுகில் மூன்று முள் கொண்ட, விரலளவுள்ள இந்த மீன் கடலிலிருந்து, பனியுகத்துக்குப் பின் உருவான ஏரிகளுக்குள் புகுந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில ஏரிகளில் அது இரண்டு இனங்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று ஏரியின் அடித்தரையில் பூச்சிகளையும் புழுக்களையும் மேய்கிறது. மற்றொன்று திறந்த நீரில் மிதக்கும் நுண்விலங்குகளைப் பிடித்துத் தின்கிறது. டால்ஃப் ஷ்லூட்டர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் இந்த இரட்டைகள் வெவ்வேறு ஏரிகளில் தனித்தனியாகத் தோன்றியவை. டயானா ரெனிசன், சேத் ரட்மன், ஷ்லூட்டர் மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, மீன்கள் ஒரே வகையில் பிரிந்த இடங்களில் அவற்றின் குடல் பாக்டீரியாக்களும் சில அம்சங்களில் ஒரே திசையில் மாறியிருப்பதைக் கண்டது. பத்தாயிரம் ஆண்டு சொச்சத்துக்குள் இத்தகைய மாற்றம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கிறது என்பது, தற்செயல் என்று ஒதுக்க முடியாத செய்தி.

ஆனால் இந்தத் துறையில் நேர்மையாகப் பேச வேண்டுமானால் எதிர்ச்சான்றுகளை முன்வரிசையில் வைக்க வேண்டும். அவை குறைவில்லை. மேலே சொன்ன நிகராகுவா ஆய்வையே எடுத்துக்கொள்வோம். இரண்டு எரிமலை ஏரிகளில் மைடாஸ் சிக்லிட்டுகள் தனித்தனியாக, ஒரே வகையில், அடித்தரை மீனென்றும் திறந்தநீர் மீனென்றும் பிரிந்திருக்கின்றன. இனங்களுக்கு இடையே உணவு வேறுபாடு தெளிவாகவே இருந்தது. பாக்டீரியாக்களிலோ அதற்கு இணையான, இரு ஏரிகளுக்கும் பொதுவான மாற்றத்துக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. கியூபெக்கைச் சேர்ந்த லூயி பெர்னாச்செயின் குழு, கியூபெக்கிலும் அதையடுத்த மெய்ன் மாநிலத்திலும் உள்ள ஐந்து ஏரிகளில் வொயிட்ஃபிஷ் என்னும் மீனின் குள்ள வகையையும் இயல்பு வகையையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டது. அங்கும் எந்த ஏரி என்பதே முதன்மையாக இருந்தது. குள்ள வகைக்கு என்று எல்லா ஏரிகளுக்கும் பொதுவான அடையாளம் எழவில்லை. டிரினிடாட் தீவின் ஓடைகளில் வாழும் கப்பி மீன்கள் பரிணாம ஆய்வின் செல்லப்பிள்ளைகள். அவற்றின் மேலோடை, கீழோடைக் கூட்டங்கள் பல ஓடைகளில் ஒரே வகையில் மாறியவை. அவற்றின் குடல் பாக்டீரியாக்களைப் பற்றிய 2015ஆம் ஆண்டு ஆய்வு, இணையான பரிணாமம் இல்லை என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தது.

இந்தத் தோல்விகளுக்கு எளிதான ஒரு சமாதானம் பலராலும் சொல்லப்படுகிறது: பாக்டீரியாக்களின் பெயர்தான் ஏரிக்கு ஏரி வேறுபடுகிறது, அவை செய்யும் வேலை ஒன்றாகவே இருக்கும் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை பாக்டீரியாக்களை அடையாளம் காண ஒரே ஒரு மரபணுவின் சிறு துண்டைத்தான் படிக்கின்றன. வேலையில் மிகவும் வேறுபட்ட இரு பாக்டீரியாக்களுக்கு அந்தத் துண்டு ஒன்றுபோல இருக்கலாம். ஒரே வேலையைச் செய்யும் இரண்டுக்கு அது வேறுபடலாம். ஆனாலும் இந்தச் சமாதானத்தை நம்பி ஓய்ந்துவிட முடியாது. எந்த எதிர்ச்சான்று வந்தாலும் இதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அது விளக்கமாகாது. மேலும், நிகராகுவா ஆய்வாளர்கள் பாக்டீரியாக்களின் வேலைகளையும் கணித்துப் பார்த்தார்கள். அதிலும் பொதுப்போக்கு தெரியவில்லை. காலம் போதவில்லை என்ற விளக்கமும் தனித்து நிற்காது. கனடாவின் ஸ்டிக்கில்பேக் ஏரிகளும் நிகராகுவாவின் அப்போயோவும் ஏறக்குறைய ஒத்த இளமை கொண்டவை. முன்னதில் பொதுப்போக்கு தெரிகிறது, பின்னதில் தெரியவில்லை. வொயிட்ஃபிஷ் வகைகளின் மரபுக் கிளைகளோ பனியுகத்திலேயே பிரிந்தவை; அந்தப் பழமையும் அவற்றுக்கு ஒரு பொது அடையாளத்தைத் தரவில்லை.

வயல் என்ற பார்வையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கிடைக்கிறது. ஏரிக்கு ஏரி விதையின் வரத்து பெரிதும் வேறுபடுகிறது. இனத்துக்கு இனம் வயலின் தன்மை வேறுபடுகிறது. இரண்டில் எது பெரியதோ அதுவே விளைச்சலில் கண்ணுக்குத் தெரியும். தங்கனீகாவின் பாசி மேயும் மீனுக்கும் மீன் தின்னும் மீனுக்கும் இடையே குடலின் நீளமே பன்மடங்கு வேறுபடுகிறது. அங்கே வயலின் வேறுபாடு ஏரியின் வேறுபாட்டை விஞ்சிவிடுகிறது. வொயிட்ஃபிஷின் இரு வகைகளும் ஊன் உண்பவைதான். ஒன்று மிதக்கும் சிறு உயிர்களையும் மற்றொன்று அடித்தரை உயிர்களையும் தின்கிறது. அந்த அளவு வேறுபாட்டை ஏரியின் தனித்தன்மை எளிதில் மறைத்துவிடும். மைடாஸ் சிக்லிட்டுகளும் உணவால் பிரிந்துசெல்வதன் தொடக்க நிலையில்தான் இருக்கின்றன. ஸ்டிக்கில்பேக் இரட்டைகள் கடலிலிருந்து இருமுறை குடியேறியதால் உருவானவை என்று கருதப்படுகின்றன. ஆகவே அவற்றின் மரபு வேறுபாடு ஏரியின் வயது சொல்வதைவிட ஆழமாக இருக்கலாம். இந்த விளக்கத்தைப் பொய்ப்பிக்கவும் முடியும் என்பதே அதன் பலம். குடல் அமைப்பில் மிகுதியாக வேறுபடும் இனங்களில் பாக்டீரியாக்களின் பொதுப்போக்கு தெரிய வேண்டும், குறைவாக வேறுபடுபவற்றில் தெரியக் கூடாது. இதற்கு மாறான ஏரிகள் பல கண்டறியப்பட்டால், இந்த விளக்கத்தைக் கைவிட வேண்டியதுதான்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் அடிப்படையானது. பாசி தின்னும் மீனின் வயிற்றில் பாசியோடு வாழும் பாக்டீரியா இருப்பதும், புழு தின்னும் மீனின் வயிற்றில் புழுவின் பாக்டீரியா இருப்பதும் இயல்புதானே, இதில் குடலின் தேர்வுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, மீனைப் பிடித்த உடனே குடலை அறுத்துப் படிக்கும்போது உணவோடு வந்தவற்றையும் நிலையாகக் குடியிருப்பவற்றையும் பிரிப்பது கடினம். டேனியல் போல்னிக்கின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பகுதி விடை தருகிறது. அருகருகே வாழும் பத்து ஸ்டிக்கில்பேக் கூட்டங்களின் குடல்களோடு, அவற்றின் இரைகளிலும் நீரிலும் இருந்த பாக்டீரியாக்களையும் சேர்த்துப் படித்தார்கள். நீரின் பாக்டீரியாக்களோடு தொடர்பு தெரியவில்லை. இரையின் பாக்டீரியாக்களோடு தொடர்பு தெரிந்தது. ஆகவே எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில், மரபால் எவ்வளவு விலகிய கூட்டங்களோ, அவ்வளவு விலகிய பாக்டீரியாக்களைக் கொண்டிருந்தன என்பதும் தெரியவந்தது. இதே குழுவினர் 2014இல் கண்டறிந்த வேறொரு செய்தியும் எதிர்வாதத்துக்கு இடையூறானது. பலவகை உணவைக் கலந்துண்ணும் மீனுக்கு, அந்த உணவுகளோடு வரும் பாக்டீரியாக்கள் அனைத்தும் கூடி, வகை மிகுந்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் ஒரே வகை உணவை உண்ட மீன்களைவிடக் கலந்துண்ட மீன்களின் குடலில் வகை குறைந்திருந்தது. உணவோடு வருபவற்றின் கூட்டுத்தொகைதான் குடல் என்றால் இது நிகழ்ந்திருக்க முடியாது.

நிலையாகக் குடியிருப்பவற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு செட்டோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா. கெண்டை, ஜிலேபி போன்ற பல நன்னீர் மீன்களின் குடலில் அது மிகுந்து காணப்படுகிறது. வைட்டமின் பி12ஐ உற்பத்தி செய்யும் திறன் அதற்கு உண்டு. தீவனத்தில் பி12 சேர்க்காவிட்டாலும் கெண்டையும் ஜிலேபியின் இனமான திலாப்பியாவும் குறையின்றி வளர்கின்றன என்பது மீன் வளர்ப்பு ஆய்வில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. குடலுக்குள்ளேயே அது உற்பத்தியாவதுதான் காரணம். ஒரு சத்தைத் தேடிக்கொள்ளும் பொறுப்பிலிருந்து மீனை விடுவித்து, அது எதைத் தின்று வாழலாம் என்ற எல்லையையே அகலமாக்கும் கூட்டாளியை வழிப்போக்கன் என்று சொல்வது பொருந்தாது.

மூன்றாவது எதிர்வாதம் மறுபக்கத்திலிருந்து வருகிறது, இதுவே ஆழமானது. பரிணாமம் என்றால் மரபுவழி கடத்தல் வேண்டும். அசுவினிப் பூச்சியைப் பாருங்கள்: அது தன் உடலுக்குள் வாழும் புக்னரா என்னும் பாக்டீரியாவைத் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தவறாமல் கொடுத்துக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதோடு இணைபிரியாமல் வந்திருக்கிறது. அங்கே இரண்டையும் ஓர் அலகாகப் பேச நியாயம் உண்டு. மீனின் குடலில் உள்ளவை தலைமுறைதோறும் புதிதாக வந்து சேர்பவை. இப்படி வந்து சேர்பவற்றையும் அவற்றுக்கு இடம் தரும் உயிரையும் சேர்த்து ஓர் அலகு என்பது எப்படி என்ற வகையில் நான்சி மோரன், டேனியல் ஸ்லோன் ஆகியோர் 2015இல் அந்த ஒருங்கிணைந்த அலகுக் கருத்தை மறுத்து எழுதியபோது கேள்வி எழுப்பினார்கள். இந்த மறுப்பு சரியானது. ஜிலேபி மீனைப் போன்ற சில சிக்லிட்டுகளில் தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கிறது. அவ்வாறான இனங்களில் தாயிடமிருந்து குஞ்சுக்குச் சில பாக்டீரியாக்கள் செல்லும் வாய்ப்பு கூடுதலாக இருக்கலாம். ஆனால் ஸ்டிக்கில்பேக்கிலும் வொயிட்ஃபிஷிலும் அப்படியொரு வழி இல்லை. ஆகவே மீனையும் பாக்டீரியாவையும் ஒரே உயிராகக் கருதும் கருத்துக்கு நன்னீர் மீன்களில் ஆதாரம் மெலிந்தே இருக்கிறது. நெருங்கிய இனங்களின் பாக்டீரியாக் கூட்டங்கள் அவற்றின் உறவுமுறையை ஓரளவு எதிரொலிப்பது உண்மைதான். அதற்குப் பாக்டீரியாக்கள் மரபுவழி வந்திருக்க வேண்டியதில்லை. ஒத்த வயல்கள் ஒத்த விதைகளை முளைக்கவிட்டாலே அந்த எதிரொலி கிடைத்துவிடும்.

பாக்டீரியா மரபுவழி வராவிட்டால் பரிணாமத்தில் அதற்குப் பங்கில்லை என்ற முடிவுக்கு மட்டும் தாவக் கூடாது. சூழலும் மரபுவழி வருவதில்லை. ஆனால் சூழல் இல்லாமல் பரிணாமம் இல்லை. குடல் பாக்டீரியா என்பது மீன் தன் உடலுக்குள்ளேயே அமைத்துக்கொள்ளும் ஒரு சூழல். அதை ஏற்கவும் அடக்கவும் மீன் தன் மரபணுக்களைச் சரிசெய்துகொள்கிறது என்பதற்கு ஸ்டிக்கில்பேக்கில் நேரடிச் சான்று உண்டு. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் க்ரெஸ்கோ, கேரன் கில்லெமின், கேத்ரின் மில்லிகன்-மைர் முதலியோர் அலாஸ்காவின் கடல் ஸ்டிக்கில்பேக்கையும் நன்னீர் ஸ்டிக்கில்பேக்கையும் கிருமி இல்லாமலும் கிருமியோடும் வளர்த்துப் பார்த்தார்கள். பாக்டீரியாக்களைக் கண்டதும் கடல் மீனின் குடலில் நோயெதிர்ப்புச் செல்கள் நன்னீர் மீனைவிட மிகுதியாகத் திரண்டன. ஒரே இனத்தின் இரு கூட்டங்களே குடியிருப்பாளர்களை வரவேற்கும் முறையில் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு மரபுவழி வருகிறது. இதைத் தொடர்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், குடலில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதைப் பாக்டீரியாக்களின் இருப்பைவிட மீனின் மரபே பெரிதும் நிர்ணயிக்கிறது என்பதும் தெரிந்தது. உறவு இருவழிதான், ஆனால் சமமானதன்று. வயலின் பங்கு பெரிது.

இப்போது ஒரு மீன் புது உணவுக்கு மாறுவதைக் கற்பனை செய்து பார்க்கலாம். பாசி நிறைந்த கரையோரத்தில் இரை குறைந்து, சில மீன்கள் பாசியை மேயத் தொடங்குகின்றன. அவற்றின் தாடையும் குடலும் இன்னும் மாறவில்லை. மாறுவதற்குப் பல தலைமுறை ஆகும். ஆனால் பாசியோடு உள்ளே வரும் பாக்டீரியாக்கள் அன்றே வந்துவிடுகின்றன. அவற்றில் சில, மீனால் தனியே செரிக்க முடியாதவற்றைச் செரிக்க உதவினால், அந்தப் புது உணவில் பிழைத்திருக்கும் அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில், உதவும் பாக்டீரியாக்களுக்கு இடம் தரும் குடல் அமைப்பு கொண்ட குஞ்சுகள் கூடுதலாகப் பிழைக்கின்றன. குடல் மெல்ல நீள்கிறது. நோயெதிர்ப்பு மெல்லத் தளர்கிறது. இந்த வரிசைமுறை இதுவரை எந்த ஏரியிலும் முழுமையாக நிறுவப்படவில்லை. ஆனால் மேலே கண்ட துண்டுச் சான்றுகள் எல்லாவற்றோடும் பொருந்துகிறது. இதைச் சோதிக்கும் வழியும் தெளிவு. ஒரே ஏரியின் இரு இனங்களின் முட்டைகளைக் கிருமியின்றிப் பொரிக்கவைத்து, ஒன்றின் பாக்டீரியாக்களை மற்றொன்றுக்குக் கொடுத்து, இரண்டையும் இரு உணவுகளிலும் வளர்த்து, வளர்ச்சியை அளக்க வேண்டும். பாக்டீரியா உண்மையில் உதவுகிறதா, உதவினால் எந்த வயலில் உதவுகிறது என்பதை அத்தகைய சோதனை மட்டுமே உறுதியாகச் சொல்லும். பிடித்த மீனின் குடலில் இருப்பவற்றைப் பட்டியலிடும் ஆய்வுகள் இனி எவ்வளவு பெருகினாலும் இந்த இடத்தை நிரப்ப முடியாது.

மீன் வளர்ப்புக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நல்ல பாக்டீரியாக்களைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் மீன் செழிக்கும் என்ற நம்பிக்கையில் பலவகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. விதையை மட்டும் கணக்கிட்டு வயலை மறந்தால் அவற்றில் பல குடலில் நிலைக்காமலே போகும். எந்த இரக மீனுக்கு எந்த பாக்டீரியா ஒட்டும் என்பதைத் தேடுவதே பயன்தரும் வழி. அந்தத் தேடலுக்கு நெருங்கிய இனங்களுக்கு இடையிலான வேறுபாடுகளே வழிகாட்டி.

அந்த வழிகாட்டிகள் என்றும் இருந்துகொண்டிருக்கப் போவதில்லை. விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெரிய மீன் 1980களில் பெருகியபோது, ஏறத்தாழ 200 சிக்லிட் இனங்கள் அழிந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. கனடாவின் ஹாட்லி ஏரியில் வெளியிலிருந்து விடப்பட்ட கெளுத்தி மீன் அங்கிருந்த ஸ்டிக்கில்பேக் இரட்டையை அழித்தது. ஈனாஸ் ஏரியில், இறாலைப் போன்ற வேற்றிட உயிரான கிரேஃபிஷ் வந்து சேர்ந்த காலத்தை ஒட்டி, இரு இனங்களும் ஒன்றோடொன்று கலந்து தனித்தன்மை இழந்தன. அந்த ஏரியின் இரட்டையில் எந்தக் குடலில் எந்த பாக்டீரியா குடியிருந்தது, அதில் எவ்வளவு உணவால், எவ்வளவு மரபால் என்ற கேள்வியை இனி அங்கே கேட்க முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சோதனை, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருவதற்குச் சற்று முன்னதாகக் கலைந்துபோனது. எஞ்சியிருக்கும் ஏரிகளைக் காப்பாற்றுவதற்கு வேறு எத்தனையோ காரணங்கள் உண்டு. இந்தக் கேள்விக்கான விடை அந்த நீரிலும், அதில் நீந்தும் உடன்பிறப்பு மீன்களின் வயிற்றிலும் மட்டுமே இருக்கிறது என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.